நாற்காலிக்கு என்ன கோளாறு?

சொந்தபந்தத்தில் அவனைப் பேர் சொல்லி அழைப்பவர்கள் யாரும் மிச்சமில்லை. நாலுமூலை என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். கட்டிய மனைவியே ஆத்திரம் வந்தால், "நாலுமூலைக்கு வாக்கப்பட்டேன், ஒரு மூலையிலயாவது நிம்மதி உண்டா?" என்பாள்.

தொழிலால் வந்த பேர் அது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் படம் எடுப்பது அவன் வேலை. இளவயதில் சித்தப்பாவின் கார் ஒர்க்ஷாப்பில், நசுங்கின தகட்டைத் தட்டி ஒடுக்கு எடுக்கப் பழகிக்கொண்டிருந்தான். ஒருநாள் கம்பெனி ஆள் ஒருவர் வந்து, நசுங்கின கதவுக்குப் பக்கத்தில் ஸ்கேல் பிடிக்க ஆள் தேடினார். இவன் பிடித்தான். கை ஆடவில்லை என்று பார்த்துவிட்டு மறுவாரமும் கூப்பிட்டார். ஸ்கேல் பிடித்த கைக்குக் கேமரா வந்தது அப்படித்தான். அதுவே கடைசிவரை சோறு போட்டது.

அந்த வேலைக்கென்று ஒரு முறை உண்டு. வண்டியின் நாலு மூலையிலும் நின்று மூலைக்கு ஒரு படம். பிறகு அடிபட்ட இடத்தைக் கிட்டப்போய், பக்கத்தில் ஸ்கேல் வைத்து. பிறகு நம்பர் பிளேட். கடைசியாக, ஓடின கிலோமீட்டர். காட்ட வேண்டியது நட்டநடுவில் இருக்க வேண்டும், தேட வைக்கக் கூடாது. படம் அழகாக இருக்கிறதா என்று கம்பெனியில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இவன் பயந்திருப்பான்.

மகள் பிறந்தபோது தொட்டிலின் நாலு மூலையிலும் நின்று எடுத்தான். பிள்ளையின் குதிகாலில் ஒரு மச்சம் இருந்தது. பழக்கதோஷம், பக்கத்தில் ஸ்கேல் வைத்து அதையும் எடுத்துவிட்டான். படம் வெளியூருக்குப் போனது. மாமியாரின் தங்கை அழுதுகொண்டே போன் பண்ணினாள்: "புள்ளைக்கு என்ன ஆச்சு? மறைக்காம சொல்லுங்க!" பெரியப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்குக் குடும்பம் மொத்தத்தையும் நிறுத்தி எடுத்ததில், பின்னாலிருந்து எடுத்த படமும் இருந்தது. வரிசையாக முதுகு, நடுவில் பெரியப்பாவின் வழுக்கை. பெரியப்பா மட்டும் கோபப்படவில்லை. "நான் பாக்காத இடத்தை ஒருத்தனாவது பாத்து வெச்சானே" என்று அதை எடுத்து வைத்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவனிடம்தான் அக்கா வந்து சேர்ந்தாள்.

அக்காவும் அவள் வீட்டுக்காரரும் பிரம்பு நாற்காலி செய்பவர்கள். நாற்காலியின் சட்டம் செய்வது மாமாவின் வேலை. முதுகும் இருக்கையும் பின்னுவது அக்காவின் வேலை. ஊர்க்கோடியில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். சமீபமாக வியாபாரம் படுத்துவிட்டது. கதவு செய்கிற கம்பெனி ஒன்றில் மாமாவை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மாசம் பிறந்ததும் பதில் சொல்ல வேண்டும். அவர் போனால் ஷெட்டை விட்டுவிட வேண்டியதுதான். சட்டம் இல்லாமல் அக்கா காற்றிலா பின்னுவாள்? அந்தச் சமயத்தில்தான் புதிதாகக் கட்டுகிற தங்கும் விடுதியிலிருந்து ஒரு பெண்மணி விசாரித்தாள். அறைக்கு அறை பிரம்பு நாற்காலி போடப்போகிறார்களாம். முதலில் படம் அனுப்பச் சொன்னாள்.

மாமாவின் தம்பி விலை உயர்ந்த போன் வைத்திருந்தார். "நான் எடுத்துத் தரேன் அண்ணி" என்று வந்து நின்றார். அக்கா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "என் கூடப் பொறந்தவன் கேமராவால பொழைக்கிறவன். அவன் இருக்கறப்ப வெளியில யார்கிட்டயும் நான் போக மாட்டேன்."

கூடப் பிறந்தவன் வந்தான். நாற்காலியை நடுவில் போட்டான். ட்யூப் லைட்டைப் போட்டு, ஃபிளாஷையும் போட்டு, நாலு மூலையிலும் எடுத்தான். கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கம் எடுத்தான். கைப்பிடியில் பிரம்பின் இயற்கையான கணு ஒன்று துருத்திக்கொண்டு தெரிந்தது. பார்த்துவிட்டுச் சும்மா வர மனசாட்சி விடவில்லை. ஸ்கேல் வைத்து அதையும் எடுத்தான்.

வியாழக்கிழமை அந்தப் பெண்மணி போன் பண்ணினாள். அக்கா போனை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"படமெல்லாம் பாத்தேம்மா. ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே? நாற்காலிக்கு என்ன கோளாறு?"

"கோளாறா? புதுசுங்க! போன வாரம் பின்னினது!"

"இல்ல, படத்தைப் பாத்தா அடிபட்ட மாதிரி இருக்கு. பக்கத்துல ஸ்கேல் வேற வெச்சிருக்கீங்க. எங்கேயோ ஒடைஞ்சு ஒட்டினதோன்னு..."

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி கூரையைப் பார்த்தான்.

"திங்கக்கிழமை காலைல முடிவு பண்றோம். அதுக்குள்ள வேற படம் இருந்தா அனுப்புங்க" என்று அவள் வைத்துவிட்டாள்.

மாமா உளியைக் கீழே வைத்தார். "மச்சான், நாற்காலிக்கு க்ளெய்ம் கிடைக்குமான்னு உன் கம்பெனியில கேட்டுப் பாரேன்."

சிரிக்கிற நிலைமையில் யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். அவள் விசாரித்து வந்து, பொது நூலகத்து மாடியில் சனி, ஞாயிறுகளில் படம் எடுக்கக் கற்றுத்தருகிறார்கள் என்றாள்.

"எனக்கா? தலை நரைச்ச பிறகா?"

"தலை நரைச்சது கேமராவுக்குத் தெரியவா போகுது? போயிட்டு வாங்க."

சனிக்கிழமை போனான். வகுப்பு எடுத்த பெண் அவன் மகளைவிட ஓரிரு வயது பெரியவளாக இருப்பாள். மற்ற நாட்களில் அதே நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுப்பவள். சுவரில் பெரிதாகப் படங்களைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"படத்துக்குள்ள நம்ம கண்ணு எங்க நுழையுது, எந்த வழியாப் போகுது, எங்க போய் உக்காருதுன்னு பாருங்க. கோடு கண்ணைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகும். வட்டமோ சதுரமோ ஒரு வடிவம் வந்தா நிக்கும். ஒண்ணே திரும்பத் திரும்ப வந்தா தாளம் மாதிரி. சொரசொரப்பு தெரிஞ்சா தொட்டுப் பாக்கணும்போல இருக்கும். ஒரு நிறம் கூப்பிடும். காலியா விட்ட இடம் இருக்கே, அதுவும் படம்தான்."

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். இவன் கையைத் தூக்கினான்.

"ஏம்மா, காலியா விட்டா பொருள் எங்கேன்னு கேக்க மாட்டாங்களா?"

"கேக்கட்டும் சார். கொஞ்சம் தேடட்டும்."

"எங்க ஆபீஸ்ல தேட வெச்சா திருப்பி அனுப்பிருவாங்கம்மா."

பிறகு, அவரவர் போனில் இருக்கிற படங்களில் கோடு நன்றாக வந்த ஒன்றைக் காட்டச் சொன்னாள். ஒருத்தர் படிக்கட்டு காட்டினார், ஒருத்தர் தண்டவாளம். இவனிடம் இருந்ததெல்லாம் நசுங்கின வண்டிகள். தேடித் தேடி, டயர் தேய்த்த தடம் விழுந்த ரோடு ஒன்றைக் காட்டினான். அந்தப் பெண் அதைச் சுவரில் போட்டதும் வகுப்பே நிமிர்ந்தது.

"பிரமாதம் சார்! ரெண்டு கோடும் வளைஞ்சு நெளிஞ்சு, கண்ணை நேரா அந்தக் கம்பத்துக்கிட்ட கொண்டுபோய் விடுது பாருங்க."

"ஆமாம்மா. வண்டியையும் அங்கதான் கொண்டுபோய் விட்டுச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். எதற்கென்று அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் பிரமாதம் என்றாளே, அது காதில் நின்றது. கம்பெனிக்காக எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் ஒன்றைக்கூட யாரும் அப்படிச் சொன்னதில்லை. எதைச் செய்ததற்காகச் சொன்னாள் என்பதுதான் பிடிபடவில்லை. தடம் அங்கே கிடந்தது, இவன் நின்று எடுத்தான். இவன் என்ன செய்தான் அதில்?

வகுப்பு முடிந்து வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் கோடாகத் தெரிந்தது. நடைபாதையின் ஓரம் ஒரு கோடு, மின்கம்பி ஒரு கோடு, எதிரே வந்தவர் கைத்தடி ஒரு கோடு. அதன் பின்னாலேயே கண்ணை அனுப்பிக்கொண்டு நடந்ததில் திரும்ப வேண்டிய தெருவைத் தாண்டிப் போய்விட்டான். இரவு சாப்பிடும்போது தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன, உப்பு இல்லையா?" என்றாள் மனைவி.

"வட்டம். கண்ணு நிக்குது."

"கண்ணு நின்னா போதுமா? கை போகட்டும்."

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகாமல் விடிந்ததும் ஷெட்டுக்குப் போனான். ட்யூப் லைட்டைப் போட்டான். முதலில் கோடு. தரையில் கிடந்த பலகைகளை நாற்காலியை நோக்கி நீளவாட்டில் அடுக்கினான். எடுத்து அக்காவிடம் காட்டினான்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் அக்கா. "ஆனா கண்ணு நாற்காலியத் தாண்டி, பின்னால இருக்கற கோந்து டப்பாவுக்குப் போகுதேடா. அந்தம்மா கோந்து வாங்கவா கேட்டா?"

அடுத்தது காலி இடம். நாற்காலியை ஓர் ஓரத்தில் போட்டு, வெற்றுச்சுவரை நிறைய விட்டு எடுத்தான். மாமா எட்டிப் பார்த்தார். "ஏன் மச்சான், நாற்காலி யார்கிட்டயாவது கோவிச்சுக்கிட்டுப் போய் உக்காந்திருக்கா?"

திரும்பத் திரும்ப வருவதைக் காட்ட, இருக்கிற நாற்காலிகளை எல்லாம் வரிசையாகப் போட்டான். ஆஸ்பத்திரியில் டாக்டருக்குக் காத்திருக்கிற இடம் போலிருந்தது. நிறம் கூப்பிடும் என்றாளே என்று, அக்காவின் சிவப்புத் துண்டை முதுகில் தொங்கவிட்டான். நீளக்கம்பி ஏற்றின லாரியின் பின்னால் கட்டுகிற துணி ஞாபகத்துக்கு வந்தது. அவனே துண்டை உருவிவிட்டான்.

வெயில் ஏறிவிட்டது. அக்கா டீ போடப் போனாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. கோடு போட்டால் வேறெங்கோ போகிறது, காலி விட்டால் காணாமல் போகிறது. ஒவ்வொன்றையும் சொன்னபடிதான் செய்தான். ஒவ்வொன்றும் அவன் கையில் வந்ததும் விபத்தாகிவிடுகிறது.

மாமா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "தப்பு படத்துலயா, நாற்காலிலயா மச்சான்? நமக்குப் பழகின கண்ணு, தெரியாது. அந்தம்மா புதுக்கண்ணால பாத்துச் சொல்லிருக்கு. எதுக்கும் நீ ஒருதரம் நாற்காலியப் பாத்துரு."

அதைக் கேட்டதும் அவனுக்கு ஒரு நிம்மதி. கோளாறு தேடுவது தெரிந்த வேலை.

ஒடுக்கு பார்க்கிறவனுக்குத் தெரியும், எதிரே வெளிச்சம் இருந்தால் தகடு வழவழவென்று நிற்கும், பள்ளம் ஒளிந்துகொள்ளும். வெளிச்சம் பக்கவாட்டில் தகட்டைத் தடவிக்கொண்டு போக வேண்டும். அப்போதுதான் மேடு மேடாகத் தெரியும், பள்ளம் பள்ளமாகத் தெரியும். ட்யூப் லைட்டை அணைத்தான். கதவைச் சாத்தினான். பக்கத்து ஜன்னலின் ஒரு கதவை மட்டும் திறந்தான். தரையோடு தரையாக உட்கார்ந்து பார்த்தான்.

பின்னலின் ஒவ்வொரு இழையும் எழுந்து நின்றது. இழைக்குப் பக்கத்தில் அதனதன் நிழல், நிழலுக்கு அடுத்து மறு இழை. எங்காவது தளர்ந்திருந்தால் நிழல் அகன்றிருக்கும், அறுந்திருந்தால் விட்டுப்போயிருக்கும். வரிவரியாகத் தேடிக்கொண்டே போனான். எங்கேயும் அகலவில்லை, எங்கேயும் விட்டுப்போகவில்லை. கைப்பிடி வளைவை அடிமுதல் நுனிவரை பார்த்தான். அந்தக் கணுவையும் பார்த்தான், அது கணுதான். சுவர் இருட்டில் மறைந்துவிட்டிருந்தது. நாற்காலிகூட முழுசாகத் தெரியவில்லை, பாதி முதுகும் ஒரு கையும்தான். பார்த்ததற்கு அத்தாட்சியாக மாமாவிடம் காட்டலாமே என்று சிலவற்றை எடுத்துக்கொண்டான்.

அக்கா டீயோடு வந்து வாசலில் நின்றாள்.

"ஏன் இருட்டடிச்சு வெச்சிருக்க? என்னடா பண்ற?"

"ஒண்ணும் இல்லக்கா. எங்கேயாவது கோளாறு இருக்கான்னு..."

டம்ளரை வைத்த சத்தம் பெரிதாகக் கேட்டது.

"என் பின்னலச் சோதிச்சியா?"

"மாமாதான்..."

மாமா அதற்குள் ஷெட்டின் பின்பக்கம் போய்விட்டிருந்தார்.

"அந்தம்மா கேட்டா பொறுத்துக்கலாம், அவ யாரோ. கூடப் பொறந்தவன் நீ. அம்மா போனதுக்கப்புறம் உன் சட்டையில ஒரு தையல் விட்டிருந்தா பொறுத்துக்கிட்டவளா நான்? எனக்கு ஒரு இழை தளந்தா தெரியாதா?"

"இல்லக்கா, ஒண்ணுமே இல்ல. சுத்தமா இருக்கு. எவ்வளவு தேடியும்..."

"தேடிட்டுத்தான சொல்ற!"

அவன் சட்டைப்பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்கேலை வெடுக்கென்று உருவிக்கொண்டாள். கேமராவிலிருந்து படங்களைத் தன் போனுக்கு மாற்றிக்கொடுக்கச் சொன்னாள், மாற்றிக்கொடுத்தான். போய் வா என்றுகூடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஒரு பால் வண்டி. முன்பக்கம் நசுங்கிப்போயிருந்தது. மூன்றாவது மூலையில் நின்றிருந்தபோது அக்காவின் போன் வந்தது.

"எதை அனுப்பறதுன்னு பாக்க எனக்கு மனசே வரலடா. எல்லாத்தையும் அள்ளி அனுப்பிட்டேன். இப்பத்தான் பேசினா."

"வேணாம்னுட்டாளா?"

"உன் மாமாவ விலை பேச வரச் சொல்லிருக்கா. ஒரு படம் அவளுக்கு அவ்வளவு பிடிச்சிருச்சாம். இதப் பாத்தா கை வெச்சுத் தடவணும்போல இருக்குங்கறா. மாமா கதவுக் கம்பெனிக்குப் போன் போட்டு வரலன்னு சொல்லியாச்சு."

"எந்தப் படம்? கோடு போட்டதா?"

"இல்ல, இருட்டுல எடுத்தியே, அது."

"அதுல ஒண்ணுமே இல்லையேக்கா!"

"அதான் எனக்கும் புரியல. கேளு, நாம செய்ற பெஞ்சுக்கும் வட்ட மேஜைக்கும் இதே மாதிரி படம் வேணுமாம். சாயங்காலம் வந்துரு."

வைத்துவிட்டாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் இதே மாதிரி என்றால் எந்த மாதிரி? ஒன்றும் இல்லை என்று காட்ட எடுத்த படத்தில் அந்தம்மாவுக்கு என்ன தெரிந்தது? பால் வண்டியின் நாலாவது மூலையை எடுக்க மறந்து கிளம்பி, பாதி வழியிலிருந்து திரும்பி வந்து எடுத்தான்.

நேராக நூலகத்துக்குப் போய் அந்தப் பெண்ணிடம் படத்தைக் காட்டினான். அவள் கையிலிருந்த புத்தகத்தை வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தாள்.

"சார், எல்லாம் இருக்கே இதுல! இந்தப் பக்க வெளிச்சத்துல சொரசொரப்பு எப்படி எழுந்து நிக்குது பாருங்க. பின்னல் திரும்பத் திரும்ப வருது, அதான் தாளம். கைப்பிடி வளைவு கோடு, கண்ணை இங்க கூட்டிட்டு வருது. இந்த இருட்டு காலி இடம். எப்படி யோசிச்சு வெச்சீங்க?"

"நான் எதையும் வெக்கலம்மா. ஒடைஞ்சிருக்கான்னு தேடினேன்."

"தேடினீங்களா?"

"ஆமா. கிடைக்கல."

"இதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்கும் தெரியல சார்" என்றாள்.

அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் அவள் சொன்னது இருக்கத்தான் செய்தது. விரலை எடுத்ததும் போய்விட்டது. அக்கா பின்னின நாற்காலிதான் அங்கே இருந்தது.

சாயங்காலம் ஷெட்டில் பெஞ்சை நடுவில் போட்டு வைத்திருந்தார்கள். நல்ல சட்டை போட்டுக்கொண்டு விலை பேசப் போன மாமா திரும்பி வந்து, அந்தச் சட்டையைக் கழற்றாமலேயே இழைப்புளி தள்ளிக்கொண்டிருந்தார். அக்கா தம்பி முகத்தைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ட்யூப் லைட்டை அவளே அணைத்தாள். அவன் ஜன்னலைத் திறந்தான். நேற்றுக் காலை வெயில், இன்று சாயங்கால வெயில். வெளிச்சம் வேறு பக்கமிருந்து வந்தது. இந்த ஜன்னலைச் சாத்தி எதிர் ஜன்னலைத் திறந்தான். நின்று பார்த்தான், குனிந்து பார்த்தான். கோடா? வளைவா? காலி எங்கே விடுவது? கேமராவைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தான்.

"என்னடா, கையப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கற?"

"என்ன பண்ணினேன்னு தெரிஞ்சாத்தானக்கா மறுபடி பண்ண முடியும்?"

அக்கா பெஞ்சின் பின்னலை ஒருமுறை உள்ளங்கையால் நீவினாள்.

"நேத்து என்ன பண்ணின?"

"கோளாறு தேடினேன்."

"அப்ப தேடு."

"நீ கோவிச்சுப்ப."

"கோவிச்சுக்கத்தான் செய்வேன். நீ தேடு."

தரையில் உட்கார்ந்தான். பின்னலோடு கண்ணை ஓட்டினான். இழை, நிழல், இழை. கேமரா ஒருமுறை சொடுக்கியது. கொஞ்சம் நகர்ந்தான். மறுபடி சொடுக்கியது. அக்கா பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை.

"கிடைச்சுதா?"

"இன்னும் இல்லக்கா."

"கிடைக்காது. எடு."

பெஞ்சுக்காலின் ஓரத்தில் ஒரு கணு கண்ணில் பட்டது. அவன் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்த் தடவியது. பை காலி. நிமிர்ந்து பார்த்தான். ஸ்கேல் அக்காவின் இடுப்பில் செருகியிருந்தது. அவள் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.